ஒரே தாளில் இரண்டு பேர்

1999 ஜனவரி 11, திங்கள்

கால்வாயின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி. ரூலோஃப் காலணியைத் துடைக்காமல் உள்ளே வந்தார். பதிப்பகத்தை அவருடைய தந்தை நடத்திய காலத்தில் இப்படி நடந்ததில்லை.

லாம்பெர்ட் முடிக்காமல் விட்டுப்போன புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தார். துப்பறியும் தெக்லாவின் முப்பத்திரண்டாவது சித்திரக்கதை. வசனம் முழுவதும் இருக்கிறது. பாதிப் பக்கங்களுக்குப் பென்சில் கோடும் இருக்கிறது. மை ஒன்றுக்கும் இல்லை. என் கணவர் லாம்பெர்ட் போனபின் தெக்லா சட்டப்படி என்னுடையவள். நான் கையெழுத்துப் போட்டால்தான் அவள் மறுபடி நடமாட முடியும்.

"யார் முடிக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு மேடம், யித்ஸ்கேதான். இருபது வருஷமா அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தவங்க."

பக்கத்திலேயே. அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது கோப்பைக் காப்பி கொடுக்கவில்லை.

ஜனவரி 14, வியாழன்

யித்ஸ்கேயிடமிருந்து புத்தாண்டு வாழ்த்து அட்டை. தாமதம். அட்டையில் அவளே வரைந்த ஒரு நாரை. நன்றாகத்தான் இருக்கிறது. அலமாரிக்குள் வைத்தேன், கண்ணில் படாத இடத்தில்.

ஜனவரி 17, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் தங்கை பெப் தொலைபேசியில்.

"கையெழுத்துப் போட்டு விட்டுத் தொலையேன் அக்கா. செத்தவரு செத்துட்டாரு. இன்னும் என்ன பொறாமை?"

"எனக்கென்ன பொறாமை? எனக்குத் தரம் முக்கியம்."

"ஆமா ஆமா, தரம்" என்று சிரித்தாள். அவளுக்கு எப்போதும் எல்லாம் சிரிப்பு.

சரி, இங்கே மட்டுமாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். யித்ஸ்கே வந்தது எழுபத்தேழில். ஃப்ரீஸ்லாந்துக்காரி, நெடிய உருவம், பேச்சு குறைவு. பின்னணி வரைய ஆள் வேண்டும் என்று லாம்பெர்ட்தான் கேட்டு வரவழைத்தார். வீடுகள், படகுகள், பாலங்கள், மிதிவண்டிகள் அவளுக்கு. தெக்லாவும் மற்ற மனிதர்களும் இவருக்கு. சுருட்டுக் கடைக்கு மேலே உள்ள ஸ்டூடியோவில் இரண்டு மேசைகள். எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. நான் இங்கே, சமையலறை ஜன்னல் பக்கம்.

முதல் கதையிலிருந்து வண்ணம் என்னுடையது. ஆனால் வண்ணம் போடுவது அசல் தாளில் அல்ல. அவருடைய கறுப்புக் கோடுகளை மங்கிய சாம்பல் நிறத்தில் வேறொரு தாளில் அச்சடித்து அனுப்புவார்கள். நான் அதில்தான் நீர்வண்ணம் தீட்டுவேன். அவர் கோடும் என் வண்ணமும் அச்சு இயந்திரத்தில்தான் முதல்முறை சந்திக்கும். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். ஒரே தாளில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் வரைந்த தெக்லா ஓடுவது யித்ஸ்கே வரைந்த தெருவில். ஒரே தாள். ஒரே மை.

சட்டைக் கையையும் எழுதிவிடுகிறேன். லாம்பெர்ட் இடக்கைக்காரர். வரைந்ததன் மேலேயே கை நகரும், மணிக்கட்டுப் பட்டியில் மை அப்பிக்கொள்ளும். திங்கள்தோறும் கறை நீக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். கடைசி ஏழெட்டு வருடங்களில் சட்டை வெள்ளை வெளேர் என்று திரும்பி வந்தது. அறுபது வயதுக்கு மேல் ஓர் ஆண் திடீரென்று சட்டையைப் பார்த்துக்கொள்கிறான் என்றால் யாருக்காக? எனக்காக இல்லை. அது நிச்சயம்.

பிப்ரவரி 14, ஞாயிறு

தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல், வேடத் திருவிழா. ஊர் முழுவதும் பித்தளை வாத்தியச் சத்தம். இறைச்சிக் கடைக்காரர் ஸ்யாக் தெக்லா வேடம் போட்டிருந்தார், மீசையை எடுக்காமல். "மேடம் ஆர்ட்ஸ்! உங்க வீட்டுக்காரரு பொண்ணு வந்திருக்கேன்!" என்று தெருவில் நின்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மேல்கோட்டு! தெக்லாவின் மேல்கோட்டுக்கு நான் கலக்கும் பச்சையில் ஒரு துளி சிவப்பு உண்டு. அதனால்தான் அது மழையிலும் செத்துப்போவதில்லை. அவர் போட்டிருந்தது கீரைப் பச்சை.

பிப்ரவரி 17, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று பாதிரியார் கேட்டார். சர்க்கரை என்றேன். நான் சர்க்கரை போட்டுக்கொள்வதே இல்லை.

மார்ச் 3, புதன்

யித்ஸ்கே வேண்டாம் என்று ஜனவரி கடைசியிலேயே எழுதிப் போட்டிருந்தேன். ரூலோஃப் வேறு இருவரை வரையச் சொல்லி மாதிரிப் பக்கங்கள் அனுப்பியிருக்கிறார். ஒருவர் தெக்லாவுக்கு ஆம்ஸ்டர்டாம் சிவப்பு விளக்குத் தெருவின் உதடுகளைக் கொடுத்திருக்கிறார். மற்றவர் கால்களை மட்டும் வரையக் கற்றவர். அவள் துப்பறிவதே கால்களால்தான் போல.

மூக்கு இருவருக்கும் வரவில்லை. யாருக்கு வரும்? தெக்லாவின் மூக்கு ஒரே இழுப்பு. ஆரம்பப் புத்தகங்களில் அது வெறும் மூக்கு. கடைசி நான்கு புத்தகங்களில்தான் — பரிசு வாங்கியதும் அவற்றில் ஒன்று — நுனியில் கோடு லேசாக மேலெழும்பி நிற்கும். எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள், இன்னும் சொல்லவில்லை என்பதுபோல. அந்த நான்கில் முதலாவதற்கு வண்ணம் போட்டு முடித்த அன்று சாப்பாட்டு மேசையில் லாம்பெர்ட்டிடம் சொன்னேன்: "மூக்கு இப்பதான் மூக்கா இருக்கு. வயசு உங்க கைக்கு நல்லது பண்ணியிருக்கு." நான் லேசில் பாராட்டுகிறவள் அல்ல. அவர் பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, திங்கள்

ரூலோஃப்: "மேடம், இவங்களும் வேண்டாம், அவங்களும் வேண்டாம்னா புத்தகமே வேண்டாம்னு அர்த்தமா? கோடை முடியறதுக்குள்ள முடிவு தெரியலன்னா நான் தொடரையே மூடிடணும்."

மிரட்டுகிறார். ஆனால் மூடிவிட்டால்? பெண் பிள்ளைகள் குட்டைப் பாவாடை போட்டால் பங்குத்தந்தை கடிதம் எழுதிய காலத்தில் தெக்லாவுக்குக் கால்சட்டை மாட்டியவர்கள் நாங்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. தெக்லாவும் போய்விட்டால் நான் எதற்கு வண்ணம் போடுவேன், ஈஸ்டர் முட்டைக்கா?

ஒரு முடிவு செய்தேன். யித்ஸ்கே வரட்டும். லாம்பெர்ட்டின் மேசையில், என் கண் முன்னால், தெக்லாவை வரைந்து காட்டட்டும். ஜன்னலும் படகும் போட்டவள் முகம் போடுவதைப் பார்க்கிறேன். தோற்றால் ரூலோஃப் வாயும் மூடும், என் மனமும் ஆறும்.

மார்ச் 19, வெள்ளி, புனித சூசையப்பர் திருநாள்

எப்படி எழுதுவது. வரிசையாகவே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஸ்டூடியோ. படிக்கட்டில் சுருட்டு வாசனை மாறவே இல்லை. அவள் எனக்கு முன்பே வந்து கணப்பை மூட்டிவிட்டிருந்தாள். எனக்கென்று ஒரு நாற்காலியும் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"குளிர் பட்டுருச்சா மேடம்? காப்பி போடவா?"

"காப்பி குடிக்க வரல. உக்காருங்க. பன்னிரண்டாம் பக்கம், மூணாவது கட்டம்."

தெக்லா மீன்சந்தைக் கூரையிலிருந்து கீழே எட்டிப் பார்க்கும் கட்டம் அது. லாம்பெர்ட்டின் பென்சில் கோடு. அதைப் பார்த்து எனக்கே திக்கென்றது. ஒரே விளிம்பை நாலைந்து முறை தேடியிருந்தது பென்சில், இருட்டில் சாவித்துவாரத்தைத் தேடுவதுபோல. அவசரத்தில் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

யித்ஸ்கே தூரிகையை மையில் தோய்த்தாள். மூச்சை நிறுத்தினாள். தாளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். நெற்றி, முடி, கன்னம். பிறகு மூக்கு. ஒரே இழுப்பு.

நுனியில் எழும்பி நின்றது.

அதே மூக்கு. என் தெக்லா அவளுடைய வலது கையிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தாள்.

பார்த்து வரைந்தால் யாருக்கும் வரும் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அது உண்மை இல்லை. கன்னியர் பள்ளியில் ஓவியம் சொல்லித்தந்த மதர் இக்னேஷியா ஆறு வருடம் என் விரலில் அளவுகோலால் அடித்து எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று — எந்தக் கோடு யோசித்துப் போட்டது, எந்தக் கோடு தானாக வந்தது என்று. இது தானாக வந்தது.

"எத்தனை புத்தகம்?" என்றேன்.

அவள் தூரிகையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"நாலு."

"முழுசாவா?"

"பென்சில் அவரு. கதை அவரு. எங்க நிக்கணும், எங்க திரும்பணும் எல்லாம் அவருதான் மேடம். மை மட்டும் நான். அவரு கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு. முதல்ல காலைல மட்டும். அப்புறம் நாள் பூரா."

எனக்குத் தெரியாது. அவர் சூப்பைத் தட்டில் ஊற்றாமல் கோப்பையில் குடித்தது தெரியும். அப்படிக் குடித்தால் சூடாக இருக்கும் என்றார். கைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தது தெரியும். வெள்ளைச் சட்டை தெரியும்! மை தொடாதவருக்குச் சட்டைக் கையில் கறை எப்படி வரும்?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதை என்னைக் கேக்காதீங்க."

"உன்னைத்தான் கேக்கறேன். வேற யாரைக் கேக்கறது, கல்லறையையா?"

அவள் கணப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு கோடு கோணலா இருந்தா ஓட், ரூமுக்கு அந்தப் பக்கத்துலேருந்தே கண்டுபிடிச்சுருவா, என் கையை அவ அப்படிப் பாக்கக் கூடாதுன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

ஓட். அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிடும் பெயர். இவள் வாயில்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். "மூக்கை நீங்க பாராட்டினீங்களாம். மறுநாள் வந்து சொன்னாரு. நீ ஜெயிச்சுட்ட யித்ஸ்கே, ஓட் பாராட்டிட்டா அப்படீன்னு. சொல்லிட்டு அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு."

தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கையுறை ஒன்று அங்கேயே இருக்கிறது.

மார்ச் 20, சனி

படுக்கை விஷயமென்றால் மன்னித்திருப்பேன். அதற்கு ஒரு பெயர் உண்டு, அதற்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு, சொல்ல வேண்டிய ஜெபம்கூட உண்டு. இதுக்கு என்ன பேரு? ஒரு மனுஷன் தன் வெட்கத்தை யாருகிட்ட கொண்டுபோய்க் குடுக்கறான்? பொண்டாட்டிகிட்ட இல்லையா? எட்டு வருஷம்! எட்டு வருஷம் இந்த ஜன்னல்ல உக்காந்து அவ போட்ட கோட்டுக்கு நான் வண்ணம் போட்டிருக்கேன். என் பச்சை. என் ஒரு துளி சிவப்பு. அவ மூக்கு.

மார்ச் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பெப்பிடம் ஜலதோஷம் என்றேன்.

ஏப்ரல் 4, ஈஸ்டர்

கல்லறைக்குப் போனேன். பூக்களை நேராக வைத்தேன். காற்று மறுபடி சாய்த்தது, மறுபடி வைத்தேன்.

"ஏன்யா, நான் என்ன, பரீட்சை வைக்கற ஆளா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆமாம், பரீட்சை வைக்கிறவள்தான். பிறகு என்ன? தெரிந்தால் சூப்பை நானே தட்டில் ஊற்றி, கையைப் பிடித்துக் குடிக்க வைத்திருப்பேனே. ஆனால் கோடு? நடுங்கிய கோட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேனா?

சொல்லியிருக்க மாட்டேன். அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 15, வியாழன்

ரயிலில் டோர்ட்ரெக்ட் போய் யித்ஸ்கே வீட்டு மணியை அடித்தேன். ஏப்ரனோடு வந்து நின்றாள், கையில் மாவு. என் கையுறை முன்னறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிவைச் சொன்னேன்: புத்தகத்தை நீ முடிக்கலாம். ஆனால் அந்த நான்கு புத்தகங்களின் உண்மையையும் ரூலோஃபிடம் சொல்லப்போகிறேன். மற்றவர் உழைப்பில் லாம்பெர்ட்டுக்குப் பரிசு தேவையில்லை.

"கூடாது" என்றாள். அவளுக்கு இவ்வளவு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. "நான் வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க சொன்னா நான் இல்லைன்னு சொல்லுவேன். பொய்தான். சொல்லுவேன்."

"உனக்குப் பேரு வேணாமா?"

"வேணும். இந்தப் புத்தகத்துல வேணும். அந்த நாலுல வேணாம். அது அவரோட கைதான் மேடம். இரவல் வாங்கின கை."

பாருங்கள், இதிலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறாள். நான் நியாயம் பேச வந்தேன், அவள் விசுவாசம் பேசுகிறாள். எனக்கு எரிந்தது. ரொட்டி அடுப்பில் கருகுகிற வாசனை வந்தது; இருவரும் ஓடினோம்.

கருகிய அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட்டோம். அவருடைய கடைசி வருடங்களைப் பற்றிக் கேட்டேன். காலையில் எந்த விரல் முதலில் நடுங்கும், நடுங்கினால் என்ன கெட்ட வார்த்தை சொல்வார், மதியம் எங்கே படுப்பார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியவை. கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் திரும்பினேன்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவர் மறைத்ததை இப்போது நானும் மறைக்கிறேன். அந்த ரகசியத்தில் எனக்கும் பாதி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 22, வியாழன்

ரூலோஃப் அட்டையின் மாதிரியைக் கொண்டுவந்தார். லாம்பெர்ட் ஆர்ட்ஸ் என்று மேலே பெரிதாக. யித்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா கீழே, பூதக்கண்ணாடிக்கு வேலை.

"ரெண்டு பேரும் ஒரே அளவு" என்றேன்.

"மேடம், அவர் பேர் பெருசா இருந்தாத்தான் கடையில விக்கும்."

"ஒரே அளவு. இல்லன்னா பேனாவை மூடிடுவேன்."

"ஜனவரியில அவங்க பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஜனவரியில குளிரு."

தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, தயங்கித் தயங்கி: "அவங்களும் ஒண்ணு கேட்டிருக்காங்க. வண்ணம் ஒட்டிலி ஆர்ட்ஸ்னு உங்க பேரும் அட்டையிலேயே வரணுமாம். அதே அளவுல. இல்லன்னா அவங்களும் வரைய மாட்டாங்களாம். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வரீங்களா?"

பேசி வைக்கவில்லை. முப்பத்தோரு புத்தகங்களில் என் பெயர் உள்பக்கத்தின் மூலையில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே. லாம்பெர்ட்டுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் அவளுக்குத் தோன்றியதே என்று மாலை வரை புழுங்கினேன்.

ஜூன் 8, செவ்வாய்

பன்னிரண்டாம் பக்கம், சாம்பல் நிறத் தாளில் வந்துவிட்டது. மீன்சந்தைக் கூரை மழையில். இப்போது தெரிந்தே போடுகிறேன், யாருடைய கோடு என்று. கை முதலில் மறுத்தது. தெக்லாவின் மேல்கோட்டுப் பச்சையைக் கலந்தேன், சிவப்பை மட்டும் விட்டுவிட்டேன். அவளுக்கு எதற்கு என் துளி?

காய்ந்தபின் பார்த்தேன். செத்த பச்சை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கேட்டு அச்சகத்துக்குத் தொலைபேசினேன். காரணம் கேட்டார்கள். காப்பி கொட்டிவிட்டது என்றேன்.

ஜூன் 17, வியாழன்

யித்ஸ்கேயிடம்: "இருபதாம் பக்கத்துல பாலத்தோட நிழல் தப்பு. சூரியன் அந்தப் பக்கம்."

"அது நிழல் இல்லீங்க, எண்ணெய்க் கறை. படகுலேருந்து."

"அப்ப எண்ணெய் மாதிரி வரை."

சிரித்தாள். மாலைக்குள் மாற்றி அனுப்பிவிட்டாள். இப்போது எண்ணெய் மாதிரிதான் இருக்கிறது.

செப்டம்பர் 18, சனி

புத்தக வெளியீடு. நல்ல கூட்டம். ஸ்யாக் மீசையோடும் குடும்பத்தோடும் வந்திருந்தார். சித்திரக்கதை ஆராய்ச்சியாளர் ஒருவர் நீளமாகப் பேசினார். கடைசி நான்கு புத்தகங்களில் ஒரு மேதையின் முதிர்ந்த கை தெரிகிறதாம். இளைஞர்கள் அந்த உறுதியை எட்டவே முடியாதாம். யித்ஸ்கே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்திருந்தது.

பேச்சு முடிந்ததும் அந்த மனிதர் என்னிடம் வந்தார். "மேடம், அந்த மூக்கு! கணவரோட அந்த ரகசியம் உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "எனக்குப் பிடிச்ச மூக்கு. ரொம்பப் பிடிச்ச மூக்கு." கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் தள்ளி நின்றிருந்தவளுக்குக் கேட்டிருக்கும்.

கையெழுத்து வாங்கும் வரிசை அவள் மேசைக்குத்தான் நீளம். என் மேசைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் வரிசை மாறி வந்தவர்கள். எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 23, சனி

யித்ஸ்கேயின் பிறந்த நாள். போகலாமா என்று காலை முழுவதும் யோசனை. போனேன். சாமந்திப் பூச்செண்டு, வெள்ளை; மஞ்சள் அவளுக்கு ஒத்துவராது.

சுவரோரம் சுற்றிலும் நாற்காலிகள், ஃப்ரீஸ்லாந்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் கோபுரம் மாதிரி. பிறந்த நாளில் வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் அவரவர் உறவைச் சொல்லி வாழ்த்துவது எங்கள் ஊர் வழக்கம்; நானும் எல்லாரையும்போல வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்தினேன் — தங்கைக்கு வாழ்த்துகள், அத்தைக்கு வாழ்த்துகள், பக்கத்து வீட்டுக்காரிக்கு வாழ்த்துகள். ஆப்பிள் கேக் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இலவங்கப்பட்டை என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

தாமதமாக ஒருவர் வந்தார், அவளுடைய அண்ணன், பால்பண்ணை வைத்திருப்பவர். வட்டத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து கையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். என்ன உறவென்று சொல்லி வாழ்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மன்னிக்கணும், நீங்க யித்ஸ்கேக்கு என்ன வேணும்?"

காப்பிக் கெண்டியோடு போய்க்கொண்டிருந்த யித்ஸ்கே நின்றாள்.

"நான் அவளுக்கு வண்ணம் போடறவ" என்றேன்.

அவர் என் கையை இன்னும் ஒருமுறை குலுக்கினார். "அப்ப உங்களுக்கும் வாழ்த்துகள்."

நன்றி சொன்னேன்.